கோயிலும் அரசும்: கேள்வி பதில்

காஞ்சிபுரத்திலிருந்து ஒருவர்: ஐயா, கோயில் சாமி கும்பிடும் இடம்தானே? பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரியெல்லாம் அதன் வேலையா?

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலுக்குப் போய்ப் பாருங்கள். வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. வேதம் பயிலும் மாணவர்களுக்கு விடுதி, நோயாளிகளுக்கு 15 கட்டில் போட்ட ஆதுலசாலை, வைத்தியர், அறுவை செய்பவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், கைவசம் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்கள் என்று கோயில் செலவுக் கணக்கு விரிந்துகொண்டே போகும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத கல்வெட்டு அது.

தஞ்சாவூர் வாசகர்: கோயில் வட்டிக்கும் விட்டதாமே?

விட்டது. பெரிய கோயில் பண்டாரத்துக் காசை ஊர்ச்சபைகள் கடனாக வாங்கின. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது வட்டி, நூற்றுக்குப் பன்னிரண்டரை. அந்தப் பொலிசையில்தான் திருமஞ்சனத் தண்ணீருக்கு ஏலமும் சண்பக மொட்டும் வாங்கினார்கள்.

கல்லூரி மாணவி: அப்படியென்றால் அறநிலையத்துறை எதற்கு வந்தது?

அரசு இப்போதுதான் கோயிலுக்குள் நுழைந்தது என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள், அம்மா. கிழக்கிந்தியக் கும்பினி அரசே 1817-இல் சட்டம் போட்டுக் கோயில் சொத்துகளை மேற்பார்த்தது. கிறித்தவ அரசு கோயிலை நடத்தலாமா என்று பாதிரிமார் எதிர்க்கவே, 1863-இல் பிரிட்டிஷ் அரசு கைகழுவியது. நிர்வாகம் உள்ளூர்க் குழுக்களுக்கும் தர்மகர்த்தாக்களுக்கும் போனது. நிலம் கைமாறுகிறது, கணக்கில்லை என்ற புகார்கள் பெருகியதால்தான் 1925-இல், சென்னை மாகாண முதல்வராக இருந்த பனகல் அரசர் ஆட்சியில் இந்து அறநிலையச் சட்டம் வந்தது. இன்று நடப்பில் உள்ளது 1959-ஆம் ஆண்டுச் சட்டம். அரசு கணக்குப் பார்ப்பது அவசியம் என்பதே என் கருத்து. ஆனால் குத்தகை பாக்கியை வசூலிக்காமல், விளக்கெரிக்க எண்ணெய் இல்லாத கிராமக் கோயிலைக் கைவிட்டால் அந்தச் சட்டத்துக்கு என்ன பொருள்?

அதே மாணவி: பூசையிலும் அரசு தலையிடலாமா?

1954-இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கோடு கிழித்தது: சொத்து நிர்வாகத்தை அரசு ஒழுங்குபடுத்தலாம், எந்தச் சடங்கு இன்றியமையாதது என்பது அந்தச் சமயத்தாரின் முடிவு. அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருப்பவர் அர்ச்சகர். தமிழ்நாடு 1970-இல் பரம்பரை உரிமையை நீக்கியது. அர்ச்சகர் நியமனம் சமயச் சடங்கு அல்ல, ஆனால் கோயில் வழிபாட்டு விதிநூலான ஆகமத்தை மீறக்கூடாது என்று 1972-இல் தீர்ப்பு வந்தது. முறையாகப் பயிற்சி பெற்ற பல சாதியினர் ஒரே நாளில் நியமன ஆணை வாங்க 2021 ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டு! படித்து முடித்தும் கருவறை வாசலில் காத்து நின்றவர்களை நினைத்தால் இன்னும் மனம் கனக்கிறது.