பாதி காய்ந்த வடாம்

பங்குனி பிறந்ததிலிருந்து வந்த கடிதங்களில் பாதி வெயிலைத் திட்டுகின்றன, மீதி பிள்ளைகளைத் திட்டுகின்றன. யாரையும் திட்டாமல் எழுதியவர் ஒருவர்தான். அவர் மாவடுவைப் பற்றிக் கேட்டிருக்கிறார், கடைசியில் வருகிறேன்.

எங்கள் பெண் ஆறாம் வகுப்பு. 'வசந்த காலம்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்களாம். பனி உருகுகிறது, சிட்டுகள் திரும்பி வருகின்றன என்று எழுதி வைத்திருக்கிறாள். நமக்கு வசந்தம் என்று ஒன்று இருக்கிறதா அம்மா?
– ஒரு வாசகி, மதுரை

மதுரையில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி! மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புதுமண்டபம், 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த உற்சவத்துக்கென்றே கட்டியது. வசந்த மண்டபம் என்றும் அதற்குப் பெயர். மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்க வழி செய்திருந்தார்கள். வைகாசி வெயிலில் சுவாமிக்கும் குளிர்ச்சி வேண்டுமல்லவா? நான் சிறுமியாக இருந்தபோது அந்த மண்டபத்துக்குள் வரிசையாகத் தையற்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். என் முதல் பட்டுப்பாவாடைக்கு அளவு கொடுத்தது அங்கேதான். இப்போது கடைகளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

சித்திரையும் வைகாசியும் இளவேனில். அதற்கு முன் வரும் மாசி, பங்குனி பின்பனி. இது ஏட்டுக் கணக்கு. புங்க மரம் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. பங்குனியிலேயே பழைய இலையைக் கொட்டிவிட்டுப் பளபளவென்று தளிர்த்து நிற்கும். வேம்பு பூக்கும், மல்லிகை மலியும், பின்னால் சரக்கொன்றை தொங்கும். பெண்ணைத் தெருவுக்கு அழைத்துப்போய்ப் பார்த்ததை எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் குறைந்தால் என் மேல் பழி போடலாம்.

மகனுக்கு நான்கு மாதம். அவனுக்கு இது முதல் கோடை. கழுத்தெல்லாம் வேர்க்குரு. இரண்டு சங்கு தண்ணீர் கொடு என்கிறார் மாமியார். கூடாது என்கிறார் என் அம்மா. இருவருக்கும் நடுவில் நான்.
– இளம் தாய், திருவண்ணாமலை

இந்த முறை அம்மா பக்கம் நிற்கிறேன். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வெயில் கொளுத்தும் ஊருக்கும் அதுவேதான். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். அவன் கேட்கும்போதெல்லாம் பால் கொடுங்கள். செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்க வேண்டியவர் நீங்கள். வேர்க்குருவுக்குப் பவுடரைக் கொட்ட வேண்டாம். துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி வேட்டியைக் கிழித்துப் போர்த்துங்கள், கழுத்து மடிப்பை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மாமியாரிடம் "டாக்டர் சொன்னார்" என்று சொல்லுங்கள். என் பெயரை இழுக்காதீர்கள். அவரும் இந்தப் பகுதியைப் படிப்பவராக இருக்கலாம்.

அலுவலகம் போகிறேன். எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். தேர்வு முடிந்தது, போன ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு சேர்ந்து மொட்டைமாடியில் வடாம் போடலாம் என்று ஆசையாக ஏறினேன். சின்னவன் துணியின் மேலேயே ஓடினான். பெரியவள் கூழை அள்ளித் தின்றாள். கத்தித் தீர்த்தேன். ராத்திரி அழுதேன். பிள்ளைகளோடு சந்தோஷமாக இருக்க எனக்குத் தெரியவில்லையா?
– ஒரு தாய், ஆவடி

மகளே, முதலில் கூழைப் பற்றிப் பேசுவோம். அழுகைக்கு அப்புறம் வரலாம்.

ஒரு டம்ளர் ஜவ்வரிசி போதும். முதல் நாள் இரவே ஊறவைத்து, காலையில் வெயில் ஏறும் முன்பே காய்ச்சிவிட வேண்டும். மணிகள் கண்ணாடி போலத் தெரிந்ததும் அரைத்த பச்சைமிளகாய், பெருங்காயம், இறக்கிய பின் எலுமிச்சம்பழச் சாறு. உப்பு மட்டும் நாக்குக்குச் சரியாக இருந்தால் அதிகம் என்று பொருள். தண்ணீர் வற்றினாலும் உப்பு வற்றாது. கூழில் கொஞ்சம் சப்பென்று இருக்க வேண்டும்.

இந்தப் பாடம் எனக்கு எப்படி வந்தது தெரியுமா? என் மகனுக்கு அப்போது ஐந்து வயது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் இரண்டு மணி நேரம் கிளறி, மாடி முழுக்க வேட்டியை விரித்து வடாம் இட்டேன். கறுப்புக் குடையைப் பிரித்துக் கொடுத்து, கையில் ஒரு குச்சியும் கொடுத்து, காக்கை ஓட்ட அவனை உட்காரவைத்துவிட்டுக் கீழே போனேன். பள்ளிக்கூட விடைத்தாள் ஒரு கட்டு திருத்தக் கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால், குடை நிழலில் காவல்காரர் தூங்குகிறார். ஓரமாக இருந்த இரண்டு வரிசையைக் காணோம். காக்கை தின்றது பாதி. மீதி அவர் வாயோரம் ஒட்டிக்கொண்டிருந்தது. முதுகில் ஒன்று வைத்தேன். தூக்கத்திலேயே அடி வாங்கியவன் விழித்து, எதற்கென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தான். அந்த முகம் எனக்கு வெகுகாலம் போகவில்லை.

அவனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. சென்ற ஆண்டு வந்திருந்தபோது, மனசு பொறுக்காமல், "அன்றைக்கு உன்னை அடித்துவிட்டேன்" என்று சொன்னேன். "அடித்தாயா?" என்றான். நிஜமாகவே அவனுக்கு நினைவில்லை. குடைக்குள் வந்த சூட்டு வாசனை நினைவிருக்கிறதாம். பாதி காய்ந்த வடாம், மேலே தோல் கட்டி உள்ளே கொழகொழவென்று இருந்ததாம். கடைசியில், "ஆனால் அம்மா, உப்பு கரித்தது" என்றான்! நாற்பது வருடம் கழித்துத் தெரிந்த குறை. கொஞ்ச நேரம் எனக்குக் கோபமே வந்தது.

உங்கள் பெரியவள் கூழ் தின்றதைப் பற்றிக் கவலையே வேண்டாம். கூழ் மிஞ்சிய வீடு இருந்தால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை துணியில் ஒரு மூலையைக் கோடு போட்டு அவர்களுக்கே விட்டுவிடுங்கள். எங்கள் பேத்தி தன் மூலையில் கூழால் 'ழ' எழுதினாள். காய்ந்தபோது எழுத்தாகத்தான் இருந்தது. எண்ணெயில் போட்டதும் பொரிந்து வீங்கி நண்டு மாதிரி ஆகிவிட்டது. நண்டைத் தின்னமாட்டேன் என்று ஒரே அழுகை. இரண்டு கரண்டி கூழ்தானே நஷ்டம்.

சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடியில் என் பையன் வேப்பம்பூவை மட்டும் பொறுக்கி இலையோரம் வைக்கிறான். என்ன செய்ய?
– வாசகர், தஞ்சாவூர்

நெய்யில் கருகக் கருக வறுத்து, கையால் நொறுக்கித் தூவுங்கள். பொறுக்க முடியாது. நானும் பொறுக்கியவள்தான், எங்கள் பாட்டி இப்படித்தான் என்னை வென்றார்.

மாவடு போட்டு ஐந்து நாள் ஆகிறது. இன்னும் சுருங்கவில்லை, தண்ணீரும் விடவில்லை. பயமாக இருக்கிறது.
– வாசகி, சேலம்

எங்கள் வீட்டுக் கணக்கு, எட்டுப் படி வடுவுக்கு ஒரு படி கல்லுப்பு. குறைத்திருந்தால் இப்போதே சேர்த்துவிடுங்கள். காம்போடு இருக்கும் வடுவைக் கழுவி ஈரம் போக உலர்த்தி, விளக்கெண்ணெய் தடவித்தானே போட்டீர்கள்? அப்படியென்றால் குறை குலுக்கலில்தான் இருக்கும். காலையும் மாலையும் ஜாடியைக் குலுக்கிவிட வேண்டும். கரண்டி வேண்டாம், கையும் வேண்டாம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் விட்டு வந்தவுடன் ஜாடியைக் கட்டிப்பிடித்துக் குலுக்குவது பிள்ளைகளின் வேலை. மூடியைத் துணி போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு முறை பார்க்கவில்லை.