ராட்க்ளிஃப் ஹால் தடை வழக்கால் மட்டுமே நினைவுகூரப்படுகிறாரா?

அது பாதி உண்மைதான். ‘ஆடம்ஸ் பிரீட்’ நாவலுக்காக ஜேம்ஸ் டெய்ட் பிளாக் என்னும் பிரிட்டிஷ் இலக்கியப் பரிசு பெற்று நற்பெயர் ஈட்டியிருந்த ஆங்கிலப் பெண் எழுத்தாளர் ராட்க்ளிஃப் ஹால் (1880–1943), அந்தப் பெயரையே பணயம் வைத்துத்தான் 1928-இல் ‘தி வெல் ஆஃப் லோன்லினெஸ்’ நாவலை வெளியிட்டார். பெண்களை நேசிக்கும் ஸ்டீபன் கார்டன் என்னும் பெண்ணின் கதை அது. உடலுறவைச் சுட்டுவதோ, அன்றிரவு ஸ்டீபனும் அவள் காதலியும் பிரிந்திருக்கவில்லை என்னும் அளவிலான ஒற்றை வரி. ஆயினும் லண்டன் போ ஸ்ட்ரீட் நீதிமன்றம், சாட்சி சொல்லக் காத்திருந்த எழுத்தாளர்களைப் பேசவிடாமலேயே, நூலை ஆபாசமென்று தீர்ப்பளித்து அழிக்க ஆணையிட்டது. பிரிட்டனில் அது மறுபடி அச்சேற 1949 ஆயிற்று. ஸ்டீபனின் தன்வெறுப்பு பிற்கால வாசகர் பலரை உறுத்தியது நியாயமே. எனினும், தம்மைப் போன்றவர்களுக்கும் வாழும் உரிமை வேண்டுமென்று கடவுளிடமே கேட்கும் அதன் இறுதிப் பக்கத்தை, அத்தனை துணிவாக அதற்கு முன் ஆங்கிலத்தில் எவரும் எழுதியதில்லை என்றே கருதுகிறேன்.