வாசகர் கேள்வி: இல்லத்துச் சாவி எத்தனை பேரிடம்?

அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லங்களை நடத்துவோரும் அவற்றோடு தொடர்புடையோரும் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயரையும் இல்லங்களின் பெயரையும் தவிர்த்துள்ளோம்.

எங்கள் இல்லத்தைத் தொடங்கிய ஐயாவுக்கு 74 வயது. காணி அவர் பெயரில் இருக்கிறது, காசோலையில் அவர் கையொப்பம் மட்டும்தான். யாருக்கு என்ன குளிசை என்பதும் அவருக்குத்தான் தெரியும். "நான் இருக்கிற மட்டும் பார்ப்பன்" என்கிறார். அவர் மனம் நோகாமல் இதை எப்படிக் கதைப்பது?
*நிர்வாக சபை உறுப்பினர், சங்கானை*

மூன்றையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். "ஓய்வு" என்ற சொல் வந்தவுடன் பேச்சு முறிந்துவிடும். குளிசையில் தொடங்குங்கள். "ஐயா, நீங்கள் ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் படுத்தால் இரவு மருந்தை ஆர் குடுக்கிறது?" என்று கேட்டால் அவர் கோபிக்க மாட்டார். அந்தக் கவலை அவருக்கும் உள்ளே இருக்கும்.

ஒருவருக்கு ஒரு தாள் என்று எழுதுவியுங்கள். படம், மருந்தின் பெயரும் அளவும் நேரமும், கிளினிக் திகதி, ஒவ்வாமை, எப்படிச் சாப்பிடுவார், நோவு வந்தால் எப்படிக் காட்டுவார், யார் பேசினால் அடங்குவார். கடைசி இரண்டும் கிளினிக் கொப்பியில் இராது, ஐயாவுக்குத்தான் தெரியும். அவர் சொல்லச் சொல்ல இளையவர் ஒருவர் எழுதட்டும். 30 பேர் என்றால் நாளுக்கு மூன்று பேராகப் பத்து நாளில் முடியும். பொறுப்பை மாற்றிக் கொடுக்கும் வேலை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. ஐயாவுக்கும் அது தன்னை ஒதுக்குவதாகப் படாது.

அடுத்தது வங்கி. ஒருவர் மட்டும் கையொப்பமிடும் கணக்கு, அவர் காலமான அன்றே முடங்கும். சம்பளமும் மரக்கறிக் காசும் அதற்குள் அகப்பட்டுவிடும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் எவரேனும் இருவர் ஒப்பமிட்டால் போதும் என்று சபையில் தீர்மானம் எடுத்து, கூட்டக் குறிப்பின் பிரதியுடன் வங்கிக்குப் போங்கள். அந்த இருவர் கணவன் மனைவியாகவோ தகப்பன் மகனாகவோ இருக்கக் கூடாது. இல்லத்தவருக்கு வரும் அரச மாதாந்தக் கொடுப்பனவு பொதுக் கணக்கில் கலக்கவே கூடாது. அது அவரவர் காசு. ஆளுக்கு ஒரு பக்கம் போட்டு வரவையும் செலவையும் எழுதுங்கள்.

கடினமானது காணி. இலங்கையின் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் எழுதாத காணி மாற்றம் செல்லாது. ஐயா கூட்டத்தில் எழும்பி "இந்த வளவு இல்லத்துக்குத்தான்" என்று சொன்னதும், கடுதாசியில் எழுதிக் கொடுத்ததும் நீதிமன்றத்தில் நிற்காது. உயில் எழுதாமல் அவர் காலமானால், யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைப்படி அது வாரிசுகளுக்குப் போகும். தேடியதேட்டமாக, அதாவது மணவாழ்க்கையில் தேடிய சொத்தாக, இருந்தால் வாழ்க்கைத் துணைக்கும் அதில் பங்குண்டு. பிள்ளைகள் மூன்று நாடுகளில் இருந்தால் ஒரு கையொப்பம் வாங்கவே வருடக்கணக்காகும்.

வழி என்னவென்றால், ஐயா சீவிய உரித்தை வைத்துக்கொண்டு நன்கொடை உறுதி எழுதலாம். உயிரோடு இருக்கும் வரை அவரை அங்கிருந்து யாரும் எழுப்ப முடியாது. ஆனால் நன்கொடையைப் பெறுபவர் "இல்லம்" என்ற வெறும் பெயராக இருக்கக் கூடாது, சட்டப்படி சொத்து வைத்திருக்கக்கூடிய உருவமாக இருக்க வேண்டும். ஒன்று, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி. மற்றது, முறையாக எழுதிய நம்பிக்கைப் பொறுப்பு (டிரஸ்ட்). 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டப்படி தொண்டு நிறுவனமாகப் பதிந்திருப்பது வேறு விடயம், அந்தச் சான்றிதழ் காணி உறுதிக்கு ஈடாகாது. உறுதி எழுதினால் மட்டும் போதாது, காணிப் பதிவகத்தில் பதிந்து பிரதியையும் எடுத்து வையுங்கள்.

அடுத்த பொறுப்பாளரைத் தெரிவதில் இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் மகனைத் தலைவராகப் போடுவது ஒன்று. மற்றது, மிக நல்ல பராமரிப்பாளரைத் தூக்கி அலுவலகக் கதிரையில் இருத்துவது. இரண்டாவதில் நல்ல கை ஒன்றை இழக்கிறீர்கள், கணக்குக்குத் திணறும் பொறுப்பாளர் ஒருவரும் வந்து சேர்கிறார். ஆறு மாதம் ஐயாவுடன் சேர்ந்து நடத்தக்கூடியவராகப் பாருங்கள். அதன்பின் ஐயாவுக்குக் கொடையாளர்களோடு பேசுவது, விழாக்கள், புதிய ஊழியருக்கு இல்லத்தின் கதை சொல்வது என்று தெளிவான வேலை இருக்கட்டும். நாளாந்தக் கட்டளை மட்டும் ஒருவர் வாயிலிருந்து வர வேண்டும். இரண்டு பேர் கட்டளை போட்டால் ஊழியர்கள் இரண்டாகப் பிரிவார்கள்.

32 பேருக்கு இரவில் ஒரேயொரு அக்கா. காசில்லை என்கிறார்கள். எத்தனை பேர் வேண்டும் என்று சபைக்கு எப்படிக் கணக்குக் காட்டுவது?
*புதிய பொறுப்பாளர், கொக்குவில்*

ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலம். ஒருவர் கிழமைக்கு 45 மணித்தியாலம் வேலை செய்தால், ஒரு இடத்தை நாள் முழுக்க நிரப்ப 3.7 பேர் வேண்டும். லீவு, சுகவீனம், கிளினிக்குக்குக் கூட்டிப் போகும் நாள் எல்லாம் சேர்த்தால் ஐந்து. மாலை 7 முதல் காலை 7 வரை இருவர் நிற்பதானால், 84 மணித்தியாலத்தை இரண்டால் பெருக்க அதே 168 வருகிறது. அப்போது லீவைச் சேர்க்காமலே இரவுக்கு மட்டும் நான்கு பேர். இந்தக் கணக்கை அரைத் தாளில் எழுதிச் சபை மேசையில் வையுங்கள்.

இருவர் ஏன் என்று கேட்பார்கள். ஒருவருக்கு வலிப்பு வரும்போது அடுத்த அறையில் ஒருவர் கட்டிலால் விழுந்தால் ஒரு ஆள் என்ன செய்வார்? வாகனத்தில் ஒருவரை ஏற்றிப் போனால் மிச்சம் 31 பேரோடு யார் நிற்பது? ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் இருந்தால், பெண்களைக் கழுவித் துடைக்கும் வேலைக்கு ஆண் ஊழியரைத் தனியே விடவும் முடியாது.

இரவு ஊழியருக்குச் சுவரில் ஒட்ட வேண்டிய குறிப்பு இது. வலிப்புத் தொடங்கியதும் மணிக்கூட்டைப் பாருங்கள். சுற்றியுள்ள சாமான்களை விலக்கி, தலைக்குக் கீழ் மெதுவான துணி வையுங்கள். கையில் இரும்போ சாவியோ திணிக்க வேண்டாம், அது வலிப்பை நிறுத்தாது. வாய்க்குள் கரண்டி வைத்தால் பல் உடையும், மூச்சும் அடைக்கும். ஆளை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். உதறல் நின்றதும் ஒரு பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். முழுத் தெளிவு வரும் வரை தண்ணீரும் கொடுக்க வேண்டாம். 5 நிமிடம் தாண்டினாலோ, தெளியாமலே மறுபடி வந்தாலோ 1990 ஆம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள், பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு அல்ல. இந்த அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள். "ஏன் வீணாகக் கூப்பிட்டாய்" என்று ஒருமுறை ஏசினால், அடுத்த முறை அந்த அக்கா பதினைந்து நிமிடம் காத்திருப்பார்.

வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு தொடர்ச்சியாக வரலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதைகள் வெள்ளத்தில் போகும் என்பதால், அலுமாரியில் ஒரு கிழமை மருந்தாவது மேலதிகமாக இருக்கட்டும்.

38 வயது ஆண், பேச்சு இல்லை. ஒரு மாதமாகத் தலையைச் சுவரில் இடிக்கிறார். மருந்தைக் கூட்டச் சொல்லிச் சிலர், அறையில் பூட்டச் சொல்லிச் சிலர். நாங்கள் எதைச் செய்வது?
*பராமரிப்பாளர், சாவகச்சேரி*

பூட்டுவது கூடாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்திருக்கிறது. அதற்கு முன்பே, பூட்டிய கதவின் பின்னால் வலிப்பு வந்தாலும் தெரியாது என்பது போதிய காரணம்.

ஒரு மாதத்துக்குள் புதிதாக வந்த பழக்கம் என்றால் முதலில் நோவைத் தேடுங்கள். பல்லையும் முரசையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். பெனிட்டோயின் என்ற வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கு முரசு வீங்கும். காதுக்குள் சீழ், கண், தோலில் சொறி, சிறுநீர் போகும்போது முகம் சுளிப்பது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எங்கள் இல்லங்களில் அதிகம் தவறவிடப்படுவது மலச்சிக்கல். யார் எந்த நாள் மலம் போனார் என்று தினமும் குறித்தால்தான் தெரியும். மூன்று நாள் போகாவிட்டால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இறுகிய மலத்தைச் சுற்றித் தண்ணீராகக் கசிவதும் உண்டு. அதை வயிற்றோட்டம் என்று எண்ணி நிறுத்த மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

மருந்தைக் கூட்டச் சொல்பவர்களுக்கு ஒன்று. சில மனநல மருந்துகளே இருக்கவும் நிற்கவும் விடாத அந்தரத்தை உண்டாக்கும். ஆள் அங்குமிங்கும் நடப்பார், கால் ஆட்டுவார், தன்னை அடிப்பார். அதை நோய் என்று நினைத்து அளவைக் கூட்டினால் அந்தரமும் கூடும். அண்மையில் மருந்து மாறியதா என்று கொப்பியைப் பாருங்கள். மாறியிருந்தாலும் நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் கேளுங்கள்.

14 நாளைக்கு ஒவ்வொரு தடவையும் நான்கு விடயம் எழுதுங்கள்: நேரம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவர் செய்தது, பின்னர் நீங்கள் செய்தது. சாப்பாடு முடிந்து அரை மணிக்குள் என்றால் நெஞ்செரிவாக இருக்கலாம். பிடித்த ஊழியர் வீடு போகும் நேரமென்றால் காரணம் வேறு. இந்தத் தாளைக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். "சரியான குழப்படி, டொக்டர்" என்று மட்டும் சொன்னால் வைத்தியருக்குத் தீர்மானிக்க எதுவும் இல்லை.

அம்மாவின் திவசத்துக்கு மதியச் சாப்பாடு கொடுக்க விரும்புகிறேன். படமும் வீடியோவும் கேட்டேன், இல்லம் மறுத்துவிட்டது. காசு கொடுப்பவருக்கு அந்த உரிமை இல்லையா?
*வாசகர், ரொறன்ரோ*

இல்லை. உங்கள் அம்மாவின் பெயரைப் பலகையில் எழுதலாம், பற்றுச்சீட்டும் நன்றிக் கடிதமும் வரலாம். சாப்பிடுபவரின் முகம் நீங்கள் வாங்கிய பொருளல்ல. அவர் "வேண்டாம்" என்று சொல்லத் தெரியாதவராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஒருமுறை இணையத்தில் ஏறிய வீடியோவை எவராலும் திருப்பி இறக்க முடியாது. மறுத்த இல்லத்தை நம்பிக் காசு அனுப்புங்கள் என்பதே எங்கள் கருத்து.

திகதியை மூன்று கிழமைக்கு முன் பதிவு செய்யுங்கள். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நான்கு பேர் வருவார்கள், மழைக்காலத்துச் செவ்வாய்க்கிழமைக்கு ஒருவரும் இல்லை. 40 பேருக்கு மதியச் சோற்றுக்கு 6 கிலோ அரிசி போதும், 10 கிலோ மூட்டையைக் குசினியில் இறக்கிவிட்டுப் பாயாசத்தையும் கேசரியையும் அடுக்க வேண்டாம். சலரோகம் உள்ளவர்கள் இருப்பார்கள், விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு வடையும் முறுக்கும் தொண்டையில் அடைக்கும். மண்டபத்தில் மிஞ்சிய சாப்பாட்டையும் அனுப்பாதீர்கள். எங்கள் வெயிலில் சமைத்த சோறும் இறைச்சியும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் தாங்காது. இன்னொன்று செய்யலாம்: பாதிக் காசைச் சாப்பாட்டுக்கும் மீதியை இரவு ஊழியர் சம்பளத்துக்கும் என்று எழுதி அனுப்புங்கள். சாப்பாட்டுக்குக் கொடையாளர் உண்டு, சம்பளத்துக்கு இல்லை.

தம்பியின் கையில் கண்டல். கேட்டால் "விழுந்துவிட்டார்" என்கிறார்கள். பொறுப்பாளர் எல்லோரும் மதிக்கும் மனிதர். சந்தேகப்படுவதே பாவமோ என்று இருக்கிறது.
*ஒரு அக்கா, கரவெட்டி*

பாவமில்லை. விழுந்த பதிவைக் காட்டச் சொல்லுங்கள்: திகதி, நேரம், யார் பார்த்தார், உடலின் எந்த இடம். முழங்கையிலும் முழங்காலிலும் கண்டல் விழுந்து வரும். மேற்கையின் உட்புறத்தில் விரல் அடையாளம் போல வரிசையாக இருந்தால் வைத்தியரிடம் காட்டி எழுத்தில் வாங்குங்கள். பிறகு பிரதேச செயலகச் சமூக சேவை உத்தியோகத்தரிடம், தேவையானால் பொலிஸிலும் முறையிடலாம்.

பிரான்ஸில் 1964இல் அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்கான லார்ஷ் இல்லங்களைத் தொடங்கிய ஜான் வனியே உலகெங்கும் மகானாகப் போற்றப்பட்டவர். அவர் காலமான அடுத்த ஆண்டு, 2020இல், அவர் ஆறு பெண்களைத் துஷ்பிரயோகம் செய்ததாக அந்த அமைப்பே விசாரித்து வெளியிட்டது. 2023இல் வந்த அடுத்த அறிக்கையில் அந்த எண்ணிக்கை குறைந்தது 25. அவர்கள் எவரும் அறிவுசார் குறைபாடு உடையவர்களல்லர், பேசத் தெரிந்தவர்கள். அவர்களுக்கே இத்தனை வருடம் பிடித்தது. ஆகவே முறைப்பாடு பொறுப்பாளரின் மேசைக்கு மட்டும் போகும் இல்லத்தில், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சபையில் இல்லாத வெளியாள் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தை வாசலில் எழுதி வைக்கும்படி கேளுங்கள்.

இல்லத்தவரின் விருப்பத்தையும் கேட்டு முடிவெடுங்கள் என்கிறார்கள். பேசாதவரிடம் எப்படிக் கேட்பது?
*ஊழியர், மானிப்பாய்*

சாமானைக் கையில் எடுத்துக் காட்டுங்கள். நீலச் சேட்டும் சிவப்புச் சேட்டும், அல்லது பாணும் இடியப்பமும். இரண்டுக்கு மேல் வேண்டாம். அடுத்த நாள் இடம் வலம் மாற்றிக் காட்டுங்கள், சிலர் எப்போதும் வலக்கைப் பக்கமே தொடுவார்கள். பார்வை திரும்புவதும் தள்ளிவிடுவதும் விடைதான். அது வர இருபது வினாடி எடுக்கலாம். அதற்குள் நீங்களே ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.