கெக் சூடானால் திருவிழா போச்சு: பீர் திருவிழா பற்றி வாசகர் கேள்விகள்

சின்ன ப்ரூவரிகள் (பீர் காய்ச்சும் இடங்கள்) தயாரிக்கும் கிராஃப்ட் பீருக்குத் திருவிழா நடத்துவது பற்றி வந்து சேர்ந்த கேள்விகளில் அடிக்கடி வருபவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எந்தச் சந்தேகம் வந்தாலும் நான் ஒன்றைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்வேன். வந்தவர் மறுநாள் காலையில், என்னென்ன குடித்தோம், எது பிடித்தது என்று சொல்ல முடிய வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன.

நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து முதல் முறையாக நடத்தப் போகிறோம். நாற்பது ப்ரூவரி, மூவாயிரம் பேர் என்று திட்டம். எதிலிருந்து தொடங்குவது?

எண்ணிக்கையைக் குறைப்பதிலிருந்து. இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவலை 1982இல் கொலராடோவின் போல்டர் நகரில் சார்லி பப்பாசியன் தொடங்கியபோது வந்தவர்கள் சுமார் 800 பேர்தான். அவர் அப்போதே வீட்டில் பீர் காய்ச்சுவதில் பெயர் பெற்றவர், அமெரிக்கா முழுக்கத் தொடர்புகள் உள்ளவர். அவரே அந்த அளவில் ஆரம்பித்தார் என்றால், நான்கு பேர் முதல் முறையில் மூவாயிரம் பேரைக் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை. பன்னிரண்டு ப்ரூவரி, ஐந்நூறு பேர் போதும். ஐந்நூறு பேரை நன்றாகக் கவனித்து அனுப்பினால் அடுத்த வருடம் அவர்களே கூட்டத்தைக் கூட்டி வருவார்கள்.

அடுத்தது வரிசை. பலர் முதலில் லோகோ வரைகிறார்கள், பேர் வைக்கிறார்கள், தேதியை அறிவிக்கிறார்கள். அப்புறம்தான் உரிமம் கேட்டு ஓடுகிறார்கள். தலைகீழ். உங்கள் ஊர்ச் சட்டத்தில் ஒரு நாள் மது உரிமம் உண்டா, அதை யார் பெயரில் தருவார்கள், எத்தனை மணி வரை பரிமாறலாம், திறந்தவெளியில் அனுமதி உண்டா என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் இடம். இடம் உறுதியான பிறகுதான் தேதி. இதற்கே எட்டு, ஒன்பது மாதம் ஒதுக்குங்கள். காப்பீட்டையும் இந்தக் கட்டத்திலேயே பேசி முடியுங்கள்.

ஐந்நூறு பேருக்கு எத்தனை லிட்டர் பீர் வாங்க வேண்டும்?

நான்கு மணி நேர நிகழ்ச்சிக்குத் தலைக்கு 800 மில்லி என்று கணக்குப் போடுங்கள். மொத்தம் 400 லிட்டர். நுரையிலும் குழாயிலும் கெக்கின் (பீர் அடைத்து வரும் உலோகப் பீப்பாய்) அடியிலும் பத்தில் ஒரு பங்கு போய்விடும் என்று வைத்துக்கொண்டால் 440. கொஞ்சம் கையிருப்பும் சேர்த்து 480 லிட்டர்.

இந்த இடத்தில்தான் பலர் 50 லிட்டர் கெக் பத்து வாங்கிவிடுகிறார்கள். லிட்டர் விலை குறைவு, அது சரி. ஆனால் பத்தே வகை பீரை வைத்துக்கொண்டு திருவிழா என்று சொல்ல முடியாது. 20 லிட்டர் கெக்காக வாங்கினால் அதே 480 லிட்டரில் 24 வகை கிடைக்கும். பன்னிரண்டு ப்ரூவரி, ப்ரூவரிக்கு இரண்டு பீர். எத்தனை டேப் வேண்டும் என்பதையும் இந்தக் கணக்கே சொல்லிவிடும். திறக்காத கெக்கைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று முன்கூட்டியே கேட்டுக் காகிதத்தில் வாங்கிவிடுங்கள். திறந்த கெக்கை யாரும் எடுக்க மாட்டார்கள்.

ப்ரூவரிகள் இரண்டையும் கசப்பு தூக்கலான ஐபிஏவாகவே அனுப்பப் பார்ப்பார்கள். பேசி மாற்றுங்கள். ஒரு லாகர், ஒரு கோதுமை பீர், ஒரு புளிப்பான சவர், ஒரு கறுத்த ஸ்டவுட் என்று பீர்ப் பட்டியல் கலந்து இருந்தால்தான், பீரே பிடிக்காது என்று சொல்லி நண்பருக்காக வந்தவரும் தனக்கான ஒன்றைக் கண்டுபிடிப்பார். நான் திருவிழா நடத்துவதே அந்த முகத்தைப் பார்க்கத்தான்.

போன வருடம் எங்கள் திருவிழாவில் பாதி டேப்களில் வெறும் நுரை. வரிசையில் நின்றவர்கள் கோபப்பட்டுவிட்டார்கள். எங்கே தவறு?

உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. நான் முதலில் நடத்திய விழாவில் பதினோரு மணிக்குக் கதவு திறக்க வேண்டும். கெக்குகள் எட்டரைக்கு வந்து இறங்கின. தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு. சுற்றி ஐஸ் கொட்டினோம், ஈரச் சாக்கு போர்த்தினோம். பதினோரு மணிக்கு டேப்பைத் திறந்தால் கிளாஸ் முழுக்க வெள்ளை நுரை, அடியில் விரல் உயரத்துக்கு பீர். ஒரு வாளி நுரையைக் கொட்டிய பிறகுதான் ஒரு கிளாஸ் தேறியது. அந்த பீரைக் காய்ச்சியவர் பக்கத்தில் நின்று வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த முகத்தை நான் மறக்கவே இல்லை.

காரணம் எளிது. பீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு குளிரில் கரைந்தே இருக்கும், சூடு ஏற ஏற வெளியே வரத் துடிக்கும். டேப்பைத் திறந்ததும் மொத்தமாக நுரையாக வெளியேறும். அதனால் கெக் முந்தைய நாளே வந்து, குளிர் அறையில் முழுதாக 24 மணி நேரம் இருந்து, 3 முதல் 4 டிகிரிக்கு இறங்கியிருக்க வேண்டும். வெளிப்பக்கம் சில்லென்று இருந்தால் உள்ளேயும் அப்படித்தான் என்று நம்பாதீர்கள். முதல் கிளாஸை ஊற்றிக் கொட்டிவிட்டு, இரண்டாவதில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். வண்டியில் குலுங்கி வந்த கெக்குக்கு ஓய்வும் வேண்டும். அதற்கும் இந்த ஒரு நாள் உதவும்.

நுரை வந்தவுடன் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பீரைத் தள்ளும் வாயுவின் அழுத்தத்தை ரெகுலேட்டரில் குறைப்பார்கள். குறைத்தால் குழாய்க்குள்ளேயே வாயு பிரிந்து நுரை இன்னும் கூடும். முதலில் வெப்பத்தைப் பாருங்கள். அடுத்து, வெயில் படும்படி குழாய் எங்காவது தொங்குகிறதா என்று பாருங்கள். மூன்றாவது, ஊற்றுபவர் கை. டேப்பைப் பாதி திறந்து மெதுவாக ஊற்றினால் நுரை குறையும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் நேர் எதிராகத்தான் நடக்கும். ஒரே இழுப்பில் முழுதாகத் திறந்து, கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, கடைசியில் நிமிர்த்த வேண்டும்.

குளிர் அறைக்கு வழியில்லாத இடங்களில் ஜாக்கி பாக்ஸ் வைப்பார்கள். ஐஸ் பெட்டிக்குள் நீளமான எஃகுச் சுருள் இருக்கும், பீர் அதன் வழியாக ஓடிக் குளிர்ந்து டேப்புக்கு வரும். பெட்டியில் வெறும் ஐஸ்கட்டி மட்டும் போட்டால் இடையிடையே காற்று நின்றுவிடும். சுருள் மூழ்கும் வரை தண்ணீரும் ஊற்றுங்கள். சுருளுக்குப் பதில் அலுமினியத் தகடு உள்ள பெட்டி என்றால் முறை மாறும். ஐஸ் தகட்டிலேயே படிந்திருக்க வேண்டும், உருகும் நீரை வடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நீளச் சுருளில் தடை அதிகம் என்பதால் அழுத்தமும் வழக்கத்தை விடக் கூடுதலாக, 25 முதல் 30 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வரை வேண்டியிருக்கும். இரவு மூடும்போது அதை இறக்க மறந்தால் மறுநாள் பீரில் வாயு ஏறிப்போய் நிற்கும்.

கெக் இல்லாமல் பாரம்பரிய காஸ்க் பீர் கொண்டுவருபவர் இருந்தால் அவருக்குத் தனி ஏற்பாடு. அது பீப்பாயிலேயே மண்டி தெளிந்து நிற்க வேண்டியது. ஒரு நாளாவது முன்பே தாங்கியில் ஏற்றி, 11 முதல் 13 டிகிரியில் வைத்து, அசைக்காமல் விட வேண்டும்.

ஒரே கட்டணத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று வைத்தால் டிக்கெட் சீக்கிரம் விற்கும் என்கிறார்கள். சரியா?

விற்கும். ஆனால் நான் செய்ய மாட்டேன். கிரேட் அமெரிக்கனில் நுழைவுக் கட்டணத்துக்குள்ளேயே பீர் கொடுக்கிறார்களே என்பீர்கள். அங்கே ஒரு முறை ஊற்றுவது ஒரு அவுன்ஸ், அதாவது 30 மில்லிதான். இங்கிலாந்தின் கிரேட் பிரிட்டிஷ் பீர் ஃபெஸ்டிவலில் மூன்றில் ஒரு பைன்ட், அதாவது சுமார் 190 மில்லி அளவும் வாங்க முடிந்தது, அங்கே ஒவ்வொன்றுக்கும் காசு. எப்படிப் பார்த்தாலும் ஏதாவது ஒன்று அளவுக்குள் இருக்கிறது. அளவும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை என்றால் முதல் இரண்டு மணி நேரத்திலேயே விழா கைமீறிவிடும்.

கணக்குப் போட்டே பார்ப்போம். டோக்கன் கொடுத்து, டோக்கனுக்கு 100 மில்லி ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். 5 சதவீத பீர் 100 மில்லியில் 5 மில்லி ஆல்கஹால். எடையில் கிட்டத்தட்ட 4 கிராம். பத்து டோக்கன் என்றால் 40 கிராம். பெரும்பாலானவர்களின் உடல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரை கரைக்கிறது. அப்படியென்றால் நான்கு மணி நேர விழாவில் பத்து டோக்கனைக் குடித்தவர் கிளம்பும்போதும் பலரது உடலில் மீதி இருக்கும். 10 சதவீத ஸ்டவுட்டிலேயே பத்து டோக்கனையும் செலவழித்தால் இரு மடங்கு.

அதனால் டிக்கெட்டோடு எட்டு டோக்கன், டோக்கனுக்கு 100 மில்லி. எட்டு சதவீதத்துக்கு மேலுள்ள பீருக்கு அதே டோக்கனில் 50 மில்லி. கூடுதல் டோக்கன் விற்கலாம், ஆனால் முடிவதற்கு ஒரு மணி நேரம் முன் அந்தக் கவுண்டரை மூடிவிடுங்கள். பலகையில் பீரின் பெயருக்குப் பக்கத்திலேயே சதவீதத்தைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரிய வேண்டும்.

ப்ரூவரிகளிடம் விளம்பரம் கிடைக்கும் என்று சொல்லி பீரை இலவசமாகக் கேட்கலாமா?

கூடாது. சின்ன ப்ரூவரிக்கு இருபது லிட்டர் என்பது பெரிய விஷயம். காசு கொடுத்து வாங்குங்கள். பதிலுக்கு ஒன்று கேளுங்கள்: காய்ச்சியவரே டேப்புக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரமாவது நிற்க வேண்டும். இந்த ஹாப்ஸை (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) ஏன் போட்டீர்கள், இந்தப் புளிப்பு எப்படி வந்தது என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது கடையில் எங்கும் கிடைக்காது.

கண்ணாடி கிளாஸா, பிளாஸ்டிக்கா?

திறந்தவெளி, புல்தரை என்றால் உடையாத கெட்டிப் பிளாஸ்டிக். உள்ளரங்கம் என்றால் கண்ணாடி, 100 மில்லிக்குக் கோடு போட்டது. வாசனைக்கும் நுரைக்கும் கண்ணாடிதான் நல்லது. எதுவானாலும் சோப்பு எச்சமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் நுரை நிற்காது. பீர் கெட்டுப்போச்சு என்று ப்ரூவர் மேல் பழி விழும். ஒவ்வொரு நான்கு டேப்புக்கும் ஒரு அலசும் குழாய் வையுங்கள்.

கடைசி ஒரு மணி நேரத்தில் சிலர் நிதானம் இழந்துவிடுகிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

கடைசி மணி நேரத்தை முதல் மணி நேரத்திலேயே சமாளிக்க வேண்டும். வாசலிலேயே வயதைச் சரிபார்த்துக் கையில் பட்டை கட்டுங்கள். குடிதண்ணீர் இலவசம், ஒவ்வொரு மூலையிலும், வரிசை இல்லாமல். சாப்பாட்டுக் கடைகள் கதவு திறக்கும்போதே சூடாக இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் குடிப்பவருக்கு ஆல்கஹால் வேகமாக ஏறும். உட்கார நாற்காலிகள் வையுங்கள். நின்றுகொண்டே இருப்பவர் வேகமாகக் குடிக்கிறார் என்பது நான் திரும்பத் திரும்பப் பார்த்தது. கழிவறை ஐம்பது பேருக்கு ஒன்றாவது வேண்டும், அதில் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

ஊற்றுபவர்கள் வேலை முடியும் வரை குடிக்கக் கூடாது. போதும் என்று சொல்லி மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, நீங்கள் அவர்கள் பக்கம்தான் நிற்பீர்கள் என்று காலையிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். முடிவதற்கு அரை மணி முன்னால் எல்லா டேப்பும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். ஒரு டேப் மட்டும் திறந்திருந்தால் மொத்தக் கூட்டமும் அங்கே போய்விடும். வண்டி ஓட்டப் போகிறவருக்குத் தனி டிக்கெட் போடுங்கள், பாதி விலையில். அவருக்கு வெறும் சோடா கொடுக்காமல் ஆல்கஹால் இல்லாத பீர் இரண்டு வகையாவது வையுங்கள். நண்பர்களுக்காகக் குடிக்காமல் இருப்பவரை நாம் நன்றாக உபசரிக்க வேண்டும்.

மழை வந்தால்?

1980இல் கிரேட் பிரிட்டிஷ் பீர் ஃபெஸ்டிவல் நடக்க இருந்த லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸ் ஜூலையில் தீப்பிடித்து எரிந்தது. அதை நடத்திய கேம்ரா என்ற பீர் ஆர்வலர் அமைப்பினர் விழாவைக் கைவிடவில்லை, கட்டடத்துக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டு நடத்தினார்கள். எங்கே மாற்றிப் போடலாம் என்பதை நீங்களும் முன்பே முடிவு செய்து, அந்த இடத்துக்கும் சேர்த்து அனுமதி வாங்கி வையுங்கள்.

கூடாரக் கால்களுக்கு எடை கட்டுங்கள், மின் இணைப்புகளைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். மழைக்குப் பயந்து கூடாரத்தின் நாலு பக்கமும் அடைக்காதீர்கள். கார்பன் டை ஆக்சைடு காற்றை விடக் கனமானது. சிலிண்டரிலிருந்து கசிந்தால் தரை மட்டத்தில் தேங்கும். ஒரு பக்கமாவது அடிவரை திறந்திருக்க வேண்டும். சிலிண்டர்களை நிமிர்த்தி வைத்துச் சங்கிலியால் கட்டுங்கள்.

முடிந்த பிறகு என்ன வேலை இருக்கிறது?

குழாய்களை அன்றிரவே கழுவுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உள்ளே பீர் காய்ந்து, அடுத்த முறை எல்லா பீரும் ஒரே மாதிரி புளித்து வரும். காலி கெக்குகளை எண்ணித் திருப்புங்கள், முன்பணம் கட்டியிருப்பீர்கள்.

இன்னொன்று விழா நடக்கும்போதே செய்ய வேண்டியது. ஒவ்வொரு கெக்கும் தீர்ந்த நேரத்தை அதன் மேலேயே சாக்பீஸால் எழுதச் சொல்லுங்கள். காலி கெக்குகளை ஏற்றும்போது "1.40", "2.15" என்று வரிசையாகப் பார்ப்பீர்கள். மணி நான்கு ஆகியும் பாதி நிறைந்து கனமாக இருக்கும் கெக்குகளும் இருக்கும். அப்படியே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் யாரிடம் 30 லிட்டர் கேட்பது, யாரிடம் வேறு பீர் அனுப்பச் சொல்வது என்பது அதில் இருக்கும்.