டிராக் வீரர் ஒருவர் டூர் டி பிரான்ஸை வெல்வது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

கேள்வி: பிரிட்டன் வீரர் பிராட்லி விக்கின்ஸ் முதலில் டிராக்கில் (அரங்கத்தின் வட்டப் பாதையில்) ஒலிம்பிக் தங்கம் வாங்கினார், பிறகு மூன்று வாரச் சாலைப் பந்தயமான டூர் டி பிரான்ஸையும் வென்றார். இரண்டுமே சைக்கிள் மிதிப்பதுதானே? ஏன் இதை அதிசயமாகப் பேசுகிறார்கள்?

பதில்: நுரையீரலும் இதயமும் இரண்டுக்கும் ஒன்றுதான். உடம்பின் எடையில்தான் எல்லாச் சிக்கலும். விக்கின்ஸ் தன் தொழில் வாழ்க்கையில் அந்த எடையை ஒருமுறை இறக்கி, பிறகு மறுபடி ஏற்றினார். இரண்டு முறையும் உலகின் உச்சியில் நின்றார். பேசவேண்டியது அதைத்தான்.

அவருடைய முதல் களம் பர்ஸ்யூட், அதாவது துரத்தல் போட்டி. 250 மீட்டர் மரத்தளத்தில் 16 சுற்று, மொத்தம் 4 கிலோமீட்டர். இரண்டு பேர் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்ற நிலையிலிருந்து கிளம்புவார்கள். டிராக் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது, ஃப்ரீவீல் கிடையாது, ஒரே கியர். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். 2004 ஏதென்ஸிலும் 2008 பெய்ஜிங்கிலும் இந்தப் போட்டியில் அவருக்குத் தங்கம். நாலேகால் நிமிட வேலை. ஏற இறங்க மேடு எதுவும் இல்லை, எதிராளி காற்றுதான். உடம்பில் ஐந்து கிலோ கூடுதலாக இருந்தால் கிளம்பும் முதல் சுற்றில் கொஞ்சம் உறைக்கும், வேகம் பிடித்தபின் அது பெரிதாகத் தெரியாது. அதனால் டிராக் வீரர்கள் தொடை பெருத்து, கனமாக இருப்பார்கள். விக்கின்ஸ் பெய்ஜிங்கில் சுமார் 82 கிலோ.

அந்த உடம்போடு ஆல்ப்ஸ் மலைக்குப் போனால் என்ன ஆகும்? ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 10 கிலோமீட்டர் ஏற்றம், 8 சதவீதச் சரிவு, வீரர் தரும் சக்தி 450 வாட். சைக்கிளை 7 கிலோ என்று வைத்துக்கொண்டால், 82 கிலோ ஆள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவார். அதே 450 வாட்டை 71 கிலோ ஆள் மிதித்தால் 22 கிலோமீட்டரைத் தாண்டும். உச்சிக்குப் போய்ச்சேரும்போது ஏறக்குறைய மூன்று நிமிட இடைவெளி. ஒரே ஒரு மலையில் இவ்வளவு. டூரில் மூன்று வாரம், அப்படிப் பல மலைகள்.

2008க்குப் பிறகு அவர் பத்துக் கிலோவுக்கு மேல் குறைத்தது இதற்காகத்தான். தனிநபர் பர்ஸ்யூட் பெய்ஜிங்கோடு ஒலிம்பிக்கிலிருந்தே நீக்கப்பட்டது. டிராக்கை மட்டும் நம்பிச் சம்பாதிப்பதும் கடினம்; மாதச் சம்பளம் தருவது சாலைப் பந்தய அணிகள்தான். எடை குறைப்பது தனியாகப் பார்த்தால் கடினமில்லை. வாட் குறையாமல் எடை குறைப்பதுதான் கடினம். கடும் பயிற்சி நாட்களில் மாவுச்சத்தை வெட்டினால் தசையும் சேர்ந்து கரையும், உடம்பு தேறாது, சளி காய்ச்சல் தொற்றிக்கொள்ளும். அதனால் மாதக்கணக்கில் மெல்லத்தான் இறக்கவேண்டும். நீண்ட, மிதமான வேகப் பயிற்சி நாட்களில் உணவைக் கொஞ்சமாகக் குறைத்து, கடும் பயிற்சி நாளில் வயிறாரச் சாப்பிடவேண்டும்.

2009 டூரில் அவர் 4ம் இடம் (ஊக்கமருந்து விவகாரத்தில் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் முடிவுகள் ரத்தானபின் 3). 2010இல் இருபதுக்கும் பின்னால் போனார். 2011இல் ஏழாம் நாளில் விழுந்து காறை எலும்பு முறிந்தது. எடை குறைந்தவுடன் வெற்றி வந்துவிடவில்லை. நீச்சல் பயிற்சித் துறையிலிருந்து விக்கின்ஸின் சாலை அணியான ஸ்கைக்கு வந்த பயிற்சியாளர் டிம் கெரிசன் அவரை டெனரிஃப் தீவின் டெய்டே எரிமலையில், 2,000 மீட்டருக்கு மேல் தங்கவைத்து, ஏற்றத்தில் சீரான வேகத்தில் நெடுநேரம் மிதிக்கப் பழக்கினார். பர்ஸ்யூட் வீரருக்குப் பொருத்தமான வழி அது. ஏற்றத்தில் வல்ல வீரர்கள் திடீரென்று பாய்ந்து ஓடினால் துரத்தாமல், தன் வாட் அளவிலேயே மிதித்து மெல்ல எட்டிப்பிடிப்பது.

2012இன் பாதையும் அவருக்குக் கைகொடுத்தது. லியேஜ் தொடக்கம் 6.4, பெசான்சோன் 41.5, சார்த்ர் 53.5 என்று 100 கிலோமீட்டருக்கும் மேல் தனிநபர் டைம் ட்ரையல். கடிகாரத்தை மட்டும் எதிர்த்து, தனியாக, குனிந்த நிலையில், காற்றைக் கிழித்துப் போகும் ஓட்டம். நீட்டி வைத்த பர்ஸ்யூட்தான் அது. இரண்டாம் இடம் வந்த சக அணி வீரர் கிறிஸ் ஃப்ரூமை அவர் மொத்தத்தில் 3 நிமிடம் 21 நொடியில் முந்தினார். அதில் 1 நிமிடம் 51 நொடி பெசான்சோனிலும் சார்த்ரிலும் மட்டும் கிடைத்தது. மலைகள் நிறைந்து டைம் ட்ரையல் குறைந்த வேறொரு ஆண்டாக இருந்திருந்தால் கதை மாறியிருக்கும் என்றே நினைக்கிறேன். டூர் முடிந்த பத்தாம் நாள் லண்டன் ஒலிம்பிக் டைம் ட்ரையலிலும் தங்கம்.

ஒன்றை மறைக்கக்கூடாது. 2011, 2012 டூர்களுக்கு முன் அவர் மருத்துவ விலக்குடன் (தடைசெய்யப்பட்ட மருந்தைச் சிகிச்சைக்கு எடுக்கும் அனுமதி) டிரையாம்சினலோன் ஊசி போட்டுக்கொண்டார். பலம் குறையாமல் எடையைக் குறைக்க உதவும் என்று சொல்லப்படும் ஸ்டீராய்டு அது. விலக்கு விதிப்படி கிடைத்ததுதான். 2018இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு, அது சிகிச்சைக்காக மட்டும் எடுக்கப்பட்டதல்ல என்று எழுதியது, அவர் மறுத்தார். இந்த வகை ஊசிகள் 2022 முதல் போட்டிக் காலத்தில் முழுவதும் தடை. எடை குறைப்பைப் பற்றிப் பேசும் எவரும் இதைத் தாண்டிப் போகமுடியாது.

திரும்பி டிராக்குக்கு வந்த பயணத்தைப் பலர் கவனிப்பதில்லை. மலைக்காக மெலிந்த கால்களுக்கு, நின்ற இடத்திலிருந்து கனத்த ஒற்றைக் கியரை உந்தும் பலம் இருக்காது. குழு பர்ஸ்யூட்டில் இது உடனே காட்டிக்கொடுக்கும். நால்வர் ஓடி, மூன்றாமவரின் முன்சக்கரம் கோட்டைத் தொடும் நேரமே கணக்கு. முன்னால் இழுப்பவர் தன் முறை முடிந்ததும் சரிவான வளைவில் மேலேறி, மற்ற மூவரும் கடந்தபின் இறங்கி கடைசிச் சக்கரத்தைப் பிடிக்கவேண்டும். இறங்கத் தாமதமானால் ஒரு சைக்கிள் நீள இடைவெளி விழும். அதை மூட எடுக்கும் முயற்சியில் அடுத்த முறைக்கான தெம்பு போய்விடும். 2016 ரியோவில் கிளான்சி, பர்க், டவுல், விக்கின்ஸ் எடுத்தது 3:50.265, அன்றைய உலக சாதனை. தொடக்கச் சுற்றுக்கு 20 நொடி என்று வைத்தால், மீதி 15 சுற்றையும் தலா 14 நொடியில் முடிக்கவேண்டும். அவருக்கு அப்போது 36 வயது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2015 ஜூன் 7, லண்டனில் ஒரு மணிநேர சாதனை (ஒரு மணிநேரத்தில் டிராக்கில் தனியாக எவ்வளவு தூரம் போகமுடியும் என்பது): 54.526 கிலோமீட்டர். முன்னால் 58, பின்னால் 14 பல் கியர். சராசரியாகச் சுற்றுக்கு 16.5 நொடி, நிமிடத்துக்குச் சுமார் 105 மிதி. அன்று காற்றழுத்தம் வழக்கத்தைவிட அதிகம். அழுத்தம் கூடினால் காற்று அடர்த்தியாகும், அதே வாட்டுக்கு வேகம் குறையும். அரங்கைச் சூடாக்கினால் காற்று லேசாகும், ஆனால் வீரரின் உடம்பு கொதிக்கும். வழியில் தண்ணீர் குடிக்கவும் முடியாது. முதல் பத்து நிமிடம் எளிதாகத் தோன்றும். அதை நம்பி சுற்றுக்கு அரை நொடி வேகமாகப் போனவர்கள் கடைசி இருபது நிமிடத்தில் அதைப்போல் பலமடங்கு இழந்திருக்கிறார்கள்.

இன்று டிராக், சாலை இரண்டையும் செய்பவர்களில் பெரியவர் இத்தாலியின் ஃபிலிப்போ கன்னா. அவர் எடையைக் குறைக்கவில்லை. டூரின் மொத்த வெற்றியை விட்டுவிட்டு டைம் ட்ரையல்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். 2022 அக்டோபர் 8, சுவிட்சர்லாந்தின் கிரென்ஷனில் 65க்கு 14 பல் கியரில் ஒரு மணிநேரத்தில் 56.792 கிலோமீட்டர். ஆறு நாள் கழித்து, பாரிஸுக்கு அருகே, 4 கிலோமீட்டர் பர்ஸ்யூட்டில் 3:59.636.