எஃகுச் சட்டகம் நிறுத்துவோருக்கு: கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெங்களூரின் பீன்யா, ஜிகணி, பொம்மசந்திரா பகுதிகளில் ஷெட் கட்டும் வேலையில் இருப்பவர்கள் எழுதியவை. தூணின் உயரத்தையோ இணைப்பின் வகையையோ சொல்லாமல் "எத்தனை போல்ட் போதும்?" என்று மட்டும் கேட்டவர்களுக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. வரைபடத்தைப் பார்த்து, அளவுகளோடு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: அடித்தளக் கான்கிரீட்டில் பதித்த அங்கர் போல்ட்டுகள் 15 மி.மீ. தள்ளி நிற்கின்றன. தூணின் அடித்தகடான பேஸ் பிளேட்டின் ஓட்டைகளை கேஸ் கட்டரால் பெரிதாக்கிக்கொள்ளலாமா? (ஜிகணி)

பதில்: கூடாது. போல்ட்டைச் சூடேற்றி வளைப்பதும் கூடாது. எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று ஒவ்வொரு போல்ட்டையும் அளந்து, வடிவமைத்த பொறியாளரிடம் கொடுங்கள்; ஓட்டையை டிரில்லால் பெரிதாக்கி மேலே கனமான வாஷர் பிளேட்டை வெல்டு செய்வதா, புதிய கெமிக்கல் அங்கர் போடுவதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். கான்கிரீட் போடும்போது டெம்ப்ளேட் பிளேட்டில் போல்ட்டுகளைப் பூட்டி, போடுவதற்கு முன்பும் பின்பும் அளவெடுத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் இருந்திருக்காது.

கேள்வி: 20 மி.மீ. போல்ட்டுக்கு ஓட்டை எவ்வளவு? (பீன்யா)

பதில்: 22 மி.மீ. இது பட்டறையில் டிரில் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி.

கேள்வி: காலையில் செங்குத்தாக இருந்த தூண் பிற்பகலில் சாய்ந்து காட்டுகிறது. எந்த அளவை நம்புவது? (ஒயிட்ஃபீல்டு)

பதில்: காலை அளவை. வெயில் படும் பக்கம் சூடேறி நீள்வதால் தூண் எதிர்ப்பக்கமாக வளைகிறது. 30 மீட்டர் நீள எஃகு 20 டிகிரி சூடேறினாலே ஏறக்குறைய 7 மி.மீ. நீளும் என்பதை நினைவில் வையுங்கள். அதிகாலையிலோ மேகமூட்டத்திலோ, ஒன்றுக்கொன்று செங்கோணமான இரண்டு திசைகளிலிருந்தும் பாருங்கள். உயரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள், அதாவது 10 மீட்டர் தூணுக்கு 10 மி.மீ.க்குள் சாய்வு அடங்க வேண்டும். கருவி இல்லாமல் தூக்குக்குண்டுதான் இருக்கிறது என்றால், குண்டை எண்ணெய் நிரப்பிய வாளிக்குள் தொங்கவிடுங்கள். காற்றில் ஆடும் நூல் சற்று நேரத்தில் நின்றுவிடும். செங்குத்துப் பார்த்து முடிக்கும் வரை எந்த நட்டையும் முழு இறுக்கம் செய்யாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஷெட் 8 மீட்டர் உயரம், 60 மீட்டர் நீளம். தூண்களையும் கூரையின் சாய்வு உத்திரங்களான ராஃப்டர்களையும் முழுதாக நிறுத்திவிட்டு, குறுக்குப் பிடிப்பான பிரேசிங்கைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் காண்டிராக்டர். பெங்களூரில் காற்று குறைவுதானே? (பொம்மசந்திரா)

பதில்: இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் கவலையோடுதான் பதில் எழுதுகிறேன். கட்டடச் சுமைகளுக்கான இந்திய விதித்தொகுப்பான ஐ.எஸ். 875 பெங்களூருக்குக் குறிப்பிடும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 33 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர். சென்னையின் 50 மீட்டரோடு ஒப்பிட்டால்தான் இது குறைவு. நான்கு போல்ட்டுகளை மட்டும் நம்பி மட்டம் சரிசெய்ய வைக்கும் ஷிம் தகடுகளின் மேல் நிற்கும் தூணுக்கு இது குறைவு அல்ல. ஏப்ரல், மே மாதங்களில் மாலை நேரத்தில் திடீரென்று வீசி மரங்களைச் சாய்க்கும் காற்றை இந்த ஊரில் இருக்கும் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இரு தூண்களும் அவற்றை இணைக்கும் ராஃப்டரும் சேர்ந்த போர்ட்டல் சட்டகம் தன் அகலவாக்கில் வலுவானது. ஷெட்டின் நீளவாக்கில், பிரேசிங் இல்லாதவரை, அதற்குச் சொந்த வலு ஏறக்குறைய இல்லை. "பர்லின் போட்டுவிட்டோமே" என்பார்கள். பர்லின் என்பது கூரைத் தகட்டைத் தாங்கச் சட்டகத்துக்குச் சட்டகம் போடும் துணை உத்திரம். பிரேசிங் இல்லாத பர்லின், சட்டகங்களை ஒன்றோடொன்று கட்டுகிறதே தவிர எதையும் தாங்கி நிறுத்துவதில்லை. ஒன்று சாய்ந்தால், வரிசையாக நிறுத்திய சீட்டுகளைப் போல மற்றவையும் கூடவே சாயும்.

ஆகவே முறை இதுதான். பிரேசிங் வரும் இடத்தில் உள்ள இரண்டு சட்டகங்களை முதலில் நிறுத்தி, அவற்றுக்கு இடையிலான பர்லின்கள், சுவர் பிரேசிங், கூரை பிரேசிங் அனைத்தையும் பூட்டி, செங்குத்துப் பார்த்து, போல்ட்டுகளை இறுக்கி முடியுங்கள். அதன் பிறகு வரும் ஒவ்வொரு சட்டகத்தையும் இந்த உறுதியான பகுதியோடு இணைத்துக்கொண்டே போங்கள். முதல் சட்டகம் தனியாக நிற்கும் நேரம் முழுவதும் இரு பக்கமும் இழுத்துக் கட்டும் கை ரோப் (guy rope) இருக்க வேண்டும், அதுவும் கணக்கிட்டுப் போட்ட அங்கரில். ஓரிடத்தில் கை ரோப்பை நிறுத்திவைத்த லாரியின் கொக்கியில் கட்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டுநர் வந்து வண்டியை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே ஒருவரும் யோசிக்கவில்லை. வண்டி போக வழி வேண்டும் என்பதற்காகக் கை ரோப்பை அவிழ்ப்பதும் இதே ரகம்தான். நிரந்தர பிரேசிங் பூட்டி இறுக்கப்படும் வரை ஒரு ரோப்பும் கழலக் கூடாது. வரைபடத்தில் உள்ள பிரேசிங், முடிந்த கட்டடத்துக்காகப் போட்டது. பாதி நிற்கும் சட்டகத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்று உங்கள் காண்டிராக்டரிடம் எழுத்தில் கேளுங்கள். ஐ.எஸ். 7205 என்னும் பாதுகாப்பு விதித்தொகுப்பு 1974 முதல் இருக்கிறது. அவர் அதைப் படிக்கட்டும். மாலையில் வேலை முடித்துக் கிளம்பும்போது பிடிப்பில்லாத சட்டகம் ஒன்றுகூட நிற்கக் கூடாது.

கேள்வி: 12 டன் ஹைட்ரா கிரேன் இருக்கிறது. தூண் 3 டன்தான். தாராளமாகத் தூக்கலாம் அல்லவா? (மாகடி ரோடு)

பதில்: கிரேனின் கையான பூமின் நீளத்தையும், வண்டியிலிருந்து கொக்கி இருக்கும் தூரமான ரேடியஸையும் எழுதாமல் இதைக் கேட்பது வீண். 12 டன் என்பது வண்டிக்கு மிக அருகில் தூக்கும்போது மட்டுமே. பூம் நீண்டு வெளியே போகப் போகத் திறன் வேகமாகக் குறையும். எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்று காட்டும் லோட் சார்ட்டைப் பார்க்காமல் கொக்கியை மாட்டாதீர்கள். சுமையைக் கட்டித் தூக்கும் ஸ்லிங்கின் இரு கால்களையும் அகல விரிக்கவும் கூடாது; இடைக்கோணம் 120 டிகிரி ஆனால் ஒவ்வொரு காலும் முழு எடையையும் தாங்க வேண்டிவரும். தூண் நின்றதும் கொக்கியைக் கழற்றும் முன் கை ரோப் கட்டியாயிற்றா என்று பாருங்கள். இதை மேலேயும் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்.

கேள்வி: முழுதாக இறுக்கிய, அதிக வலுவுள்ள 10.9 ரக போல்ட்டைக் கழற்றி வேறு இடத்தில் போடலாமா? இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லை என்றால் எப்படி இறுக்குவது? (ஓசூர் ரோடு)

பதில்: போடக் கூடாது; முழு இழுவை கண்ட போல்ட் மீண்டும் அதே இழுவையைத் தரும் என்று நம்ப முடியாது. இறுக்குவதற்கு நட்டைத் திருப்பும் முறை உண்டு. முதலில் எல்லா போல்ட்டுகளையும், இணைப்பின் நடுவிலிருந்து ஓரம் நோக்கி, தகடுகள் ஒட்டும் வரை இறுக்குங்கள். பிறகு நட்டிலும் தகட்டிலும் பெயின்டால் ஒரு கோடு போட்டு, நட்டை மேலும் திருப்புங்கள். விட்டத்தைப் போல் 4 முதல் 8 மடங்கு நீளமுள்ள போல்ட்டுக்கு அரைச் சுற்று, அதைவிடக் குட்டையானதற்கு மூன்றில் ஒரு சுற்று.

கேள்வி: இணைப்புத் தகடுகளின் உட்பக்கம் ரெட் ஆக்ஸைடு அடித்துவிட்டோம். பரவாயில்லையா? (பீன்யா)

பதில்: உராய்வை நம்பும் இணைப்பு என்றால் பெயின்டை நீக்கியே ஆக வேண்டும். போல்ட்டின் தண்டே சுமையைத் தாங்கும் சாதாரணத் தாங்கு இணைப்பு என்றால் இருக்கட்டும். எந்த வகை என்பது உங்கள் வரைபடத்திலேயே எழுதியிருக்கும்.

கேள்வி: பேஸ் பிளேட்டின் கீழ் இடைவெளியை நிரப்பும் கலவையான கிரவுட்டை எப்போது போடுவது? (பொம்மசந்திரா)

பதில்: சட்டகத்தின் அந்தப் பகுதி செங்குத்தும் மட்டமும் பார்க்கப்பட்டு, பிரேசிங் பூட்டப்பட்ட பிறகு. இடைவெளி 25 முதல் 50 மி.மீ. வரை இருந்தால் வேலை சுலபம். சிமென்ட் கலவையைக் கரண்டியால் ஓரத்தில் பூசி அடைப்பது கிரவுட் ஆகாது. சுருங்காத கிரவுட்டை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஊற்றி, எதிர்ப்பக்கத்தில் நிரம்பி வெளிவரும் வரை நிறுத்தாமல் ஊற்றுங்கள்.