ஐந்தாம் வகுப்பு படித்த ஆசிரியை: கடிதமும் பதிலும்

வணக்கம் அம்மா,

ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பெண்பிள்ளைகள் படிக்க அவர்களையே ஆசிரியைகளாக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் முறைப்படி இரண்டாண்டுப் பயிற்சி முடித்து வேலைக்கு வந்தவள். பதினெட்டு வருடமாகத் தொடக்கப்பள்ளியில் இருக்கிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை எழுத்துக்கூட்டி வாசிக்க வைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை. அதை அரைகுறையாகப் படித்தவர் கையில் கொடுக்கலாமா? நகரத்துப் பிள்ளைக்கு ஒரு நியாயம், கிராமத்துப் பெண்பிள்ளைக்கு ஒரு நியாயமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கோபம் எனக்குப் பிடித்தது. ஒன்றாம் வகுப்பைப் பற்றி நீங்கள் சொன்னதையும் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். உங்கள் பள்ளிக்கு நீங்கள் இருக்கிறீர்கள். என் கவலையெல்லாம் உங்களைப் போன்ற ஒருவர் வரவே வராத ஊர்களைப் பற்றித்தான்.

ராஜஸ்தானில் 1987இல் சிக்ஷா கர்மி என்றொரு திட்டம் வந்தது. தொலைதூரக் கிராமங்களில் பள்ளி இருந்தது, பதிவேட்டில் ஆசிரியரும் இருந்தார், ஆள்தான் வருவதில்லை. அவருக்குப் பதிலாக உள்ளூர்க்காரர்களையே எடுத்தார்கள். ஆண் என்றால் எட்டாம் வகுப்பு, பெண் என்றால் ஐந்தாம் வகுப்பு போதும் என்றார்கள். அந்த ஐந்தாம் வகுப்புப் பெண்ணைத் தேடுவதே பெரும்பாடாகிவிட்டது. சொல்லித்தரப் பெண் இல்லை என்று மகளை அனுப்பவில்லை. மகள்கள் படிக்காததால் சொல்லித்தரவும் பெண் இல்லை. பிறகுதான் பெண்கள் தங்கிப் படிக்கத் தனிப் பயிற்சி மையங்களைத் திறந்தார்கள். கைக்குழந்தைக்காரிக்கும் அங்கே இடம் உண்டு. அந்த ஒரு ஏற்பாடு இல்லையென்றால் பாதிப் பேர் வாசல்படி தாண்டியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1985இல் 22 பள்ளிகளோடு ஆரம்பித்தது. ஒரே அறை, முப்பது சொச்சம் பிள்ளைகள், அதில் பெரும்பாலும் பெண்பிள்ளைகள். ஆசிரியை அதே ஊரில் குடும்பம் நடத்துகிறவர். தொடக்கப் பயிற்சி ஏறக்குறைய இரண்டு வாரம்தான். 'இரண்டு வாரமா!' என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இரண்டு வாரத்தோடு விட்டிருந்தால் நானும் உங்கள் பக்கம்தான் நிற்பேன். அவர்கள் விடவில்லை. மாதம் தவறாமல் ஆசிரியைகளைக் கூட்டிவைத்து, அடுத்து நடத்த வேண்டிய பாடங்களைச் சேர்ந்து பார்த்தார்கள். எந்தப் பிள்ளை எங்கே திணறுகிறது என்று பேசினார்கள். மேற்பார்வையாளர் வகுப்புக்கே வந்து உட்கார்ந்து கவனித்தார். ஒரே ஆசிரியை அதே பிள்ளைகளை முதல் வகுப்பிலிருந்து கடைசிவரை கூட்டிப்போனார். ஒரு பெண் இரண்டு நாள் வரவில்லையென்றால், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிட்டார்களா, கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்டதா என்று ஊர்க்காரியான அவருக்குச் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். எந்தப் பட்டயப் படிப்பிலும் இது கிடைக்காது.

உங்கள் கேள்வி நியாயமாகிற இடமும் ஒன்று உண்டு. குறைந்த படிப்போடு உள்ளே எடுத்த பெண்ணை, மதிப்பூதியம் கொடுத்துக் காலமெல்லாம் அதே இடத்தில் நிறுத்திவைப்பது. அதை நான் சிக்கனம் என்று சொல்ல மாட்டேன், சுரண்டல் என்றுதான் சொல்வேன். அவருக்கும் மேலே படிக்க வழி வேண்டும். மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவர் துர்காபாய் தேஷ்முக் இதைப் புரிந்துகொண்டவர். நடுவில் படிப்பை விட்ட பெண்கள் இரண்டே ஆண்டில் தேர்வெழுதித் தேறுவதற்கான சுருக்கப் படிப்பை அந்த வாரியம் 1958இல் தொடங்கியது. தேறியவர்கள் ஆசிரியப் பயிற்சிக்கும் செவிலியர் பயிற்சிக்கும் போக முடிந்தது. நம் சகோதரி சுப்புலட்சுமியும் அதே வழிதான். 1912இல் சென்னையில் இளம் விதவைகளைக் கூட்டிவைத்து முதலில் படிக்க வைத்தார், பிறகு பயிற்சி கொடுத்து ஆசிரியைகளாக்கினார். தானும் இளம் விதவையாக இருந்து, 1911இல் பட்டம் வாங்கியவர் அவர்.

இன்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்குத் தகுதி விதித்திருக்கிறது. வேண்டிய விதிதான். அந்தத் தகுதிவரை ஒரு கிராமத்துப் பெண்ணைக் கைபிடித்துக் கூட்டிப்போக ஆள் வேண்டும். எழுத்துக்கூட்டி வாசிக்க வைக்கும் வித்தை உங்களிடம் பதினெட்டு வருடமாகக் கையில் இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இப்படிப் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்கு வந்து அதை மட்டும் சொல்லித்தருவீர்களா?